கைபேசியின் கதை – 19: இரண்டு நெருப்புகள்

வாஷிங் மெஷினின் மூடி உடம்போடு பொருந்தவில்லை. வரிசையில் நின்ற தொழிலாளர்கள் கத்தியை எடுத்தார்கள், பிளாஸ்டிக் விளிம்பைச் சீவினார்கள், மூடியை அழுத்திப் பொருத்தினார்கள், அடுத்த மெஷினுக்குப் போனார்கள். அதற்கும் அதே வைத்தியம். அச்சு எங்கே பிசகியது என்று யாரும் கேட்கவில்லை. வரிசையை யாரும் நிறுத்தவும் இல்லை. 1993-இல் சாம்சங்கின் உள்நிறுவனத் தொலைக்காட்சிக் குழு இதைப் படமாக்கியது. அந்த வீடியோ நிறுவனத் தலைவர் லீ குன்-ஹீயின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

நோக்கியா எழுந்ததையும் சரிந்ததையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இப்போது கொரியாவுக்குப் போகிறோம். தரம் என்றால் என்ன என்பதை ஒரே நிறுவனம் இரண்டு முறை, இருபத்தோரு ஆண்டு இடைவெளியில் கற்க நேர்ந்த கதை இது. இரண்டு முறையும் பாடம் நெருப்பின் வழியாகத்தான் வந்தது. முதல் நெருப்பை அவர்களே மூட்டினார்கள். இரண்டாவது, வாங்கியவர்களின் கையில் தானாகப் பற்றியது.

1993 தொடக்கத்தில் லீ குன்-ஹீ அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் போயிருந்தார். அங்கே மின்னணுப் பொருள் கடையில் ஜப்பானியத் தொலைக்காட்சிகள் முன்வரிசையில் பளபளத்தன. சாம்சங்கின் பெட்டிகள் மூலையில் தூசி படிந்து கிடந்தன. கொரியாவில் முதலிடத்தில் இருந்த பிராண்டுக்கு வெளியூரில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். ஜூன் 7 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் தன் உயரதிகாரிகளைக் கூட்டி அவர் பேசியது கொரியத் தொழில் வரலாற்றில் தனி இடம் பெற்றது. மனைவி மக்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்றார். எத்தனை பெட்டி விற்றோம் என்ற கணக்கு இனி வேண்டாம், எப்படிப்பட்ட பெட்டியை விற்றோம் என்பதுதான் கணக்கு என்றார். குறை கண்ட தொழிலாளி யாராக இருந்தாலும் வரிசையை அங்கேயே நிறுத்தலாம் என்ற ஏற்பாடு அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

பேச்சு ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம். 1994 அக்டோபரில் 'எனிகால்' என்ற பெயரில் சாம்சங் புதிய கைபேசியைக் கொண்டுவந்தது. அன்றைய கொரியச் சந்தை மோட்டோரோலாவின் பிடியில் இருந்தது. அதைத் தட்டிப் பறிக்கும் அவசரத்தில் உற்பத்தியை முடுக்கினார்கள். குறைபாட்டு விகிதம் 11.8 சதவீதத்தைத் தொட்டது. புத்தாண்டுப் பரிசாக லீ குன்-ஹீ அனுப்பிவைத்த போன்கள் சரியாக வேலை செய்யவில்லை என்ற செய்தி அவர் காதுக்கே வந்தது. பரிசு வாங்கியவர் குறை சொல்லக் கூசுவார். அதையும் மீறிச் சொன்னார்கள் என்றால் பொருள் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்!

விற்றதைத் திரும்ப வாங்குங்கள், கிடங்கில் இருப்பதையும் சேர்த்துக் கொளுத்துங்கள் என்று உத்தரவு போனது. 1995 மார்ச் 9 அன்று குமி நகரத் தொழிற்சாலையின் மைதானத்தில் சுமார் 2,000 தொழிலாளர்கள் கூடினார்கள். தலையில் தர உறுதி சொல்லும் பட்டை. கைபேசி, கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி, ஃபேக்ஸ் என ஏறத்தாழ 1,50,000 கருவிகள் குவிந்து கிடந்தன. முதலில் சுத்தியலால் அடித்து நொறுக்கினார்கள். பிறகு தீ வைத்தார்கள். எரிந்த சரக்கின் மதிப்பு 5,000 கோடி வோன். அதில் கணிசமானவை அங்கே நின்றவர்களே முடுக்கி, ஒட்டி, பெட்டியில் போட்டு அனுப்பியவை. தாங்கள் செய்ததைத் தங்கள் கண் முன்னே உருகவிட்ட அந்த நாளைப் பற்றிப் பின்னாளில் அழுகையோடு நினைவுகூர்ந்தவர்கள் உண்டு.

பலன் உடனே தெரிந்தது. 1995 ஆகஸ்டில் எனிகால் கொரியச் சந்தையில் 51.5 சதவீதத்தைப் பிடித்து மோட்டோரோலாவைப் பின்தள்ளியது. மோட்டோரோலா உலகையே ஆண்ட காலத்தில் உள்ளூர் நிறுவனம் ஒன்று அதை வீழ்த்தியது பெரிய செய்தி. குமியின் தீ சாம்சங்கின் குலக்கதை ஆனது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லி வளர்த்தார்கள்.

குறையுள்ள பொருள் நமக்கு அவமானம் என்பதுதான் அந்தக் கதை ஊட்டிய உணர்வு. உயர்ந்த உணர்வு, சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் இருந்தது: குறை என்பது அக்கறையின்மையால் வருவது, அக்கறை வந்துவிட்டால் குறை போய்விடும் என்ற அனுமானம். பொருந்தாத மூடிக்கு அது சரி. இரைச்சலிடும் ஒலிவாங்கிக்கும் சரி. ஸ்மார்ட்ஃபோனுக்குள் இருக்கும் பேட்டரிக்கு?

2011-இல் வந்த முதல் கேலக்ஸி நோட்டைப் பலர் கேலி செய்தார்கள். 5.3 அங்குலத் திரையைக் காதில் வைத்து எப்படிப் பேசுவது என்றார்கள். சில ஆண்டுகளில் ஆப்பிள் உட்பட எல்லோரும் அந்த அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வகையில் பெரிய திரைக்கு வழிகாட்டியது நோட் வரிசை. 2016 ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க்கில் அறிமுகமான நோட் 7 அதன் உச்சம். தங்கள் இன்னொரு வரிசையின் கேலக்ஸி எஸ்7-உடன் எண் ஒத்துப்போக வேண்டும் என்று நோட் 6-ஐத் தாண்டி நேராக 7-க்குப் போயிருந்தார்கள். கண்ணின் கருவிழியைப் பார்த்துத் திறக்கும் பூட்டு, இரு பக்கமும் வளைந்த 5.7 அங்குலத் திரை, தண்ணீர் புகாத உடல், தண்ணீருக்குள்ளும் எழுதும் பேனா. எடை 169 கிராம், தடிமன் 7.9 மில்லிமீட்டர். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். முன்பதிவுகள் சாம்சங்கின் எதிர்பார்ப்பையே தாண்டின.

முந்தைய நோட் 5-இல் பேட்டரி 3,000 மில்லி ஆம்பியர் மணி. நோட் 7-இல் அது 3,500. உடம்பை மெலிதாக வைத்துக்கொண்டே கொள்ளளவை ஆறில் ஒரு பங்கு கூட்டியிருந்தார்கள். கதை இங்கேதான் திரும்புகிறது. அதனால் பேட்டரியைப் பிரித்தே பார்த்துவிடலாம்.

லித்தியம் அயனி பேட்டரியில் இரண்டு நீளமான மின்தகடுகள் உண்டு. ஒன்று நேர்மின்வாய், அலுமினியத் தாளின் மேல் பூச்சு. மற்றது எதிர்மின்வாய், செம்புத் தாளின் மேல் கிராஃபைட் பூச்சு. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போல் இறுக்கிச் சுருட்டி, தட்டையாக அழுத்தி, பை ஒன்றில் வைத்து, எளிதில் தீப்பற்றும் திரவத்தை நிரப்பி மூடுகிறார்கள். சவ்வு ஓரிடத்தில் கிழிந்தாலும் இரு தகடுகளும் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகும். வெப்பம் எழும். அந்த வெப்பம் அடுத்த இடத்துச் சவ்வை உருக்கும். அதிலிருந்து இன்னும் வெப்பம். சில நொடிகளில் புகை, பிறகு தீ. சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. போனை அணைத்துவிட்டாலும் நிற்காது.

கொள்ளளவைக் கூட்ட வேண்டும் என்றால் சுருளை இன்னும் நெருக்கமாகச் சுருட்ட வேண்டும், சவ்வை இன்னும் மெலிதாக்க வேண்டும், பையின் ஓரத்தில் விட்ட இடத்தையும் குறைக்க வேண்டும். கூடுதல் கொள்ளளவு இந்த மூன்றிலிருந்தும்தான் கிடைக்கிறது. பாதுகாப்புக்கென்று விட்டிருந்த இடம் சுருங்கச் சுருங்க, தொழிற்சாலையில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம் பிசகினாலும் தாங்காத நிலை வருகிறது.

ஆகஸ்ட் 19 அன்று கொரியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் கருகிய போன்களின் படங்கள் இணையத்தில் பரவின. செப்டம்பர் 2 அன்று கைபேசிப் பிரிவின் தலைவர் கோ டாங்-ஜின் சோலில் பத்திரிகையாளர்கள் முன் தலைகுனிந்து நின்றார். 35 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. 25 லட்சம் போன்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதுவரை எந்த ஸ்மார்ட்ஃபோன் நிறுவனமும் இந்த அளவில், இவ்வளவு விரைவில் இப்படி ஒரு முடிவை எடுத்ததில்லை. பாராட்டுகள் வந்தன. குமியின் மரபு உயிரோடு இருக்கிறது என்று எழுதினார்கள்.

பிழையும் அந்த வேகத்திற்குள்தான் இருந்தது.

நோட் 7-க்கு பேட்டரி கொடுத்தவர்கள் இருவர். ஒன்று, சாம்சங் குழுமத்தின் சொந்த நிறுவனமான சாம்சங் எஸ்டிஐ. மற்றொன்று, ஏடிஎல் என்ற ஆம்பெரெக்ஸ் டெக்னாலஜி. தீப்பிடித்த முதல் போன்களில் இருந்தது எஸ்டிஐ பேட்டரி. ஆக, குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். எஸ்டிஐ பேட்டரியை நிறுத்து, எல்லா மாற்று போன்களிலும் ஏடிஎல் பேட்டரியைப் போடு. ஏடிஎல் பேட்டரியோடு விற்கப்பட்ட சீனத்து போன்கள் பாதுகாப்பானவை என்றே நம்பினார்கள். அங்கே முதலில் திரும்பப் பெற்றது 1,858 போன்களை மட்டும். லட்சக்கணக்கான பேட்டரிகளை அவசரமாகத் தரவேண்டிய சுமை ஒரே நிறுவனத்தின் தலையில் விழுந்தது. மாற்று போன் என்று தெரிந்துகொள்ள, திரையின் மூலையில் பேட்டரிச் சின்னத்தைப் பச்சை நிறத்தில் காட்டினார்கள். பச்சையைப் பார்த்து மக்கள் நம்பினார்கள்.

அந்த வாரங்களில் அச்சம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்குச் சென்னையே சாட்சி. நோட் 7 இந்தியாவில் 59,900 ரூபாய் விலையில் அறிவிக்கப்பட்டிருந்தது. விற்பனைக்கு வரவே இல்லை. ஆனாலும் செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலே பைகள் வைக்கும் அடுக்கிலிருந்து புகை கிளம்பியது. பணியாளர்கள் பயணிகளை வேறு இருக்கைகளுக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால், ஒரு பையில் பழைய கேலக்ஸி நோட் 2 புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்பானைப் பீய்ச்சி, போனை எடுத்துத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்துவிட்டு, பத்திரமாகத் தரையிறக்கினார்கள். நான்கு ஆண்டுப் பழைய மாடல், வேறு பேட்டரி, வேறு காரணம். என்றாலும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சாம்சங் அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்டது. 'நோட்' என்ற பெயரிலேயே புகையின் வாசனை அடிக்கத் தொடங்கியிருந்தது.

அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் லூயிவில் விமான நிலையத்தில், புறப்படத் தயாராக இருந்த சவுத்வெஸ்ட் விமானத்துக்குள் ஒரு நோட் 7 புகைந்து தரை விரிப்பைப் பொசுக்கியது. பயணிகள் எல்லோரையும் இறக்கினார்கள். அது மாற்றித் தரப்பட்ட போன், பச்சைச் சின்னம் உள்ள போன். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சில மாற்று போன்கள் பற்றின. அக்டோபர் 10 அன்று உற்பத்தி நின்றது. மறுநாள் நோட் 7 என்ற மாடலையே கைவிட்டார்கள். அன்று சாம்சங் பங்கு 8 சதவீதம் விழுந்தது. அந்தக் காலாண்டுக்கு 7.8 லட்சம் கோடி வோன் என்று சொல்லியிருந்த செயல்பாட்டு லாபத்தை 5.2 லட்சம் கோடி என்று திருத்தி அறிவித்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அந்த போனை விமானத்தில் கொண்டுவருவதையே தடைசெய்தது. சாம்சங் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பார்சலில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பெட்டிகள், பீங்கான் இழை உள்வரி, அந்த இழை தோலை உறுத்தும் என்பதால் கையுறை ஒரு ஜோடி. சுமார் 850 டாலர் விலை கொடுத்து வாங்கிய போனைக் கையுறை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

சாம்சங் அடுத்து செய்த வேலையை அதன் எந்தப் புது மாடலையும்விட உயரத்தில் வைக்கலாம். சுமார் 700 பொறியாளர்கள் அமர்ந்தார்கள். பிரம்மாண்டமான கூடம் ஒன்றில் அடுக்கு அடுக்காக 2,00,000 போன்களும், தனியாக 30,000 பேட்டரிகளும் மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றப்பட்டு இறக்கப்பட்டன. வேகச் சார்ஜிங்கோடு, அது இல்லாமல்; பின்மூடியோடு, மூடி இல்லாமல்; கருவிழிப் பூட்டு வேலை செய்யும்போது, செய்யாதபோது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்கள். முதல்முறை சில நாட்களில் குற்றவாளியைக் கண்டுபிடித்தவர்கள், இரண்டாம் முறை மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். யுஎல், எக்ஸ்போனென்ட், டியூவி ரைன்லாந்து ஆகிய வெளி அமைப்புகளையும் தனித்தனியாக ஆராயச் சொன்னார்கள். 2017 ஜனவரி 23 அன்று கோ டாங்-ஜின் மறுபடியும் மேடையேறினார்.

கண்டறிந்தது இது. எஸ்டிஐ பேட்டரியில் வெளிப்பையின் மேல் வலது மூலையில் இடம் போதவில்லை. சுருளின் எதிர்மின்வாய் அந்த மூலையில் மடங்கியது. மடங்கிய ஓரம் சவ்வை அழுத்திச் சேதப்படுத்தியது. ஏடிஎல் பேட்டரியில் மூலை ஒழுங்காகவே இருந்தது. அங்கே கோளாறு வேறு: நேர்மின்வாயின் இணைப்பில் வெல்டிங் செய்தபோது எழுந்த கூரிய பிசிறுகள் காப்பு நாடாவைத் துளைத்து, சவ்வையும் துளைத்தன. சில பேட்டரிகளில் அந்த நாடாவே ஒட்டப்படவில்லை. இரண்டு தொழிற்சாலைகள், தொடர்பே இல்லாத இரண்டு கோளாறுகள், வெளியே பார்த்தால் ஒரே மாதிரித் தீ. முதல் விடை கிடைத்ததும் தேடலை நிறுத்தியதால் இரண்டாவது விடை லட்சக்கணக்கான சட்டைப் பைகளுக்குள் போனது.

பேட்டரியின் அளவையும் தன்மையையும் நிர்ணயித்தது நாங்கள்தான், வெளியிடும் முன் கண்டுபிடிக்காததும் நாங்கள்தான் என்று கோ டாங்-ஜின் ஒப்புக்கொண்டார். பேட்டரி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடப்போவதில்லை என்றும் சொன்னார். கொரியப் பெருநிறுவன உலகில் இப்படிப்பட்ட வெளிப்படைத்தன்மை அபூர்வம்.

எல்லோரும் அந்த அறிக்கையோடு திருப்தி அடைந்துவிடவில்லை. இன்ஸ்ட்ருமென்டல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் 2016 டிசம்பரிலேயே ஒரு நோட் 7-ஐப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். பேட்டரி நாளாக நாளாகக் கொஞ்சம் உப்பும்; அதற்காக மேலே தடிமனில் பத்தில் ஒரு பங்கு காலியிடம் விடுவது துறையின் வழக்கம். 5.2 மில்லிமீட்டர் பேட்டரிக்கு அரை மில்லிமீட்டர் வேண்டும். நோட் 7-இல் அந்த இடமே இல்லை என்றார்கள். போனின் வடிவமைப்பில் தவறில்லை, பேட்டரியில்தான் தவறு என்பது சாம்சங்கின் முடிவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொறியாளர்கள் சொன்னதில் கனம் இருக்கிறது. இவ்வளவு இடத்துக்குள் இவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்டவர், அந்த இடத்தில் உண்டான நெருக்கடிக்கும் பொறுப்பாளிதான்.

தரச்சான்று தந்த முறையிலும் ஓட்டை இருந்தது. அமெரிக்கக் கைபேசித் துறைச் சங்கம் அங்கீகரித்த சோதனைக்கூடங்களில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். மற்ற பெரிய நிறுவனங்கள் வெளிக்கூடங்களுக்கு அனுப்ப, சாம்சங் தனக்குச் சொந்தமான கூடத்திலேயே சோதித்து வந்ததை அப்போதைய செய்திகள் வெளிக்கொண்டுவந்தன. விதிக்கு அது உட்பட்டதுதான். இருந்தாலும் வெளியே இருந்து பார்க்கும் ஒரு ஜோடிக் கண்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஜனவரி மேடையில் அறிவித்த எட்டுப் படிச் சோதனையில் ஆரவாரம் எதுவும் இல்லை. பேட்டரியை எக்ஸ்ரே எடுப்பது, பிரித்துப் போட்டு மூலைகளையும் நாடாவையும் கண்ணால் பார்ப்பது, ஆவிக்கசிவை முகர்ந்தறியும் கருவியில் வைப்பது, இரண்டு வார உபயோகத்தை ஐந்தே நாளில் கடக்கவைக்கும் வேகச் சோதனை, ஏற்றி இறக்கிப் பார்ப்பது, இப்படிப் போகிறது பட்டியல். கேம்பிரிட்ஜின் கிளேர் கிரே, ஸ்டான்ஃபோர்டின் யி சுவி போன்ற பேட்டரி விஞ்ஞானிகளை ஆலோசனைக் குழுவில் சேர்த்தார்கள். எந்த விளம்பரத்திலும் வாங்குபவரை மயக்கும் சமாச்சாரமல்ல இது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் கைபேசித் துறையில் நடந்த புதுமைகளில் மனிதர்களுக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், கருவிழிப் பூட்டை விட்டுவிட்டு இந்த எக்ஸ்ரே அறையைத்தான் காட்டவேண்டும்.

திரும்பி வந்த லட்சக்கணக்கான போன்கள் என்ன ஆகும் என்ற கேள்வியைக் கிரீன்பீஸ் எழுப்பியது. 2017 பிப்ரவரியில் பார்சிலோனாவில் சாம்சங்கின் மேடையிலேயே ஏறிப் பதாகை பிடித்தார்கள். அதன் பின்னரே நிறுவனம் திட்டத்தை வெளியிட்டது. ஜூலையில் 3,200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியோடு 'ஃபேன் எடிஷன்' என்ற பெயரில் 4,00,000 போன்கள் கொரியாவில் விற்பனைக்கு வந்தன. மற்றவற்றிலிருந்து தங்கம், வெள்ளி, கோபால்ட், செம்பு என 157 டன் உலோகத்தைப் பிரித்தெடுப்பதாக அறிவித்தார்கள். குமியில் எரித்துவிட்டு நகர்ந்ததுபோல் இந்த முறை நகர முடியவில்லை; வெளியார் விடவில்லை. அதுவும் நல்லதே.

வழக்கமாகப் பிப்ரவரியில் வரும் எஸ் வரிசை அந்த ஆண்டு மார்ச் 29 வரை தள்ளிப்போனது. ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க்கில் நோட் 8 வந்தது. திரை 6.3 அங்குலமாக வளர்ந்திருந்தது. பேட்டரி 3,300 ஆகக் குறைந்திருந்தது. எதிலும் பெரிய எண்ணைக் காட்டிப் பழகிய துறையில், புதிய மாடலில் ஓர் எண்ணைத் தெரிந்தே குறைப்பது சாதாரண முடிவல்ல.

சோதனை அதோடு முடியவில்லை. 2019 பிப்ரவரியில் மடித்து வைக்கக்கூடிய கேலக்ஸி ஃபோல்டை சாம்சங் அறிமுகப்படுத்தியது. ஏப்ரலில் விமர்சகர்களுக்குக் கொடுத்த போன்களில் சிலவற்றின் திரைகள் ஓரிரு நாளிலேயே பழுதாயின. பாதுகாப்புப் படலத்தைச் சிலர் ஒட்டுத்தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். சிலவற்றில் கீல் இடுக்கு வழியாகத் துகள் புகுந்தது. விற்பனைக்கு நாலு நாள் இருக்கையில், ஏப்ரல் 22 அன்று வெளியீட்டை நிறுத்தினார்கள். செப்டம்பர் வரை போன் கடைக்கு வரவில்லை. அந்த மாதங்களில் கீலின் மேலும் கீழும் என்னென்ன மாற்றினார்கள், மடியும் கண்ணாடி எப்படிப் பிறந்தது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)